பனிச்சறுக்குப் பயிற்றுநர் வேலைக்குத் தலைமைத்துவம் படிப்பது: கொழும்பிலிருந்து யாராவது போயிருக்கிறீர்களா?

அலையோரம் (வெள்ளவத்தை) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 22 வயது. உயர்தரம் வணிகப் பிரிவில் செய்தேன். மூன்று வருடமாக ஒரு நீச்சல் தடாகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். நவம்பர் பிறந்தால் கிழமையில் இரண்டு நாள் வெலிகமவில் அலைச்சறுக்கு பழக்கும் ஓர் அக்காவுக்கு உதவிக்கு நிற்பேன்.

போன வருடம் தை மாதம் ஸ்காபரோவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தியின் மகன் என்னைக் கொலிங்வுட் பக்கத்தில் இருக்கும் ப்ளூ மவுண்டனுக்குக் கூட்டிப்போனான். ரொறன்ரோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். உச்சியிலிருந்து அடிவாரம் வரை 219 மீற்றர்தானாம். பிதுருதலாகல பார்த்த கண்ணுக்கு அது மலையே இல்லை. ஆனால் அன்று எங்கள் எட்டுப் பேருக்கும் பனிச்சறுக்கு பழக்கிய அம்மாவை நான் இன்னும் மறக்கவில்லை. அறுபது வயது இருக்கும். எட்டுப் பேரும் எட்டு ஊர். பத்து நிமிடத்தில் எல்லார் பெயரும் அவருக்குப் பாடம். ஒன்றை விளக்குவதற்கு முன் எங்களை நிறுத்தும்போதெல்லாம் வெயிலும் காற்றும் தன் முகத்தில் அடிக்கும்படி அவர் திரும்பி நிற்பார். எங்களுக்கு முதுகுப்பக்கம்தான் காற்று. மூன்றாவது தடவைதான் அதைக் கவனித்தேன். திரும்பி வந்த அடுத்த சனிக்கிழமை தடாகத்தில் நான் எப்படி நிற்கிறேன் என்று பார்த்தேன். பிள்ளைகள் பதினொரு பேரும் காலை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து இதே யோசனைதான். கனடாவில், நெல்சனில் செல்கேர்க் கல்லூரியில் ஸ்கீ (பனிச்சறுக்கு) மலைகளை நடத்துவதற்கென்றே ஒரு டிப்ளோமா இருக்கிறது. கம்லூப்ஸில் தொம்சன் றிவேர்ஸ் பல்கலைக்கழகத்தில் சாகசத் துறைப் படிப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் கொலராடோ மவுண்டன் கல்லூரி. எல்லா இடத்திலும் 'தலைமைத்துவம்' என்ற சொல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் மாணவத் தலைவி பட்டி குத்தியபோது கேட்ட சொல் அது. அங்கே அதில் என்னதான் படிப்பிக்கிறார்கள்? பயிற்றுநர் சான்றிதழ் மட்டும் எடுத்தால் போதாதா?

அம்மா ஒரே கேள்விதான் கேட்கிறார்: "பனியே விழாத நாட்டில் இதை வைத்து என்ன செய்யப்போகிறாய்?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஓகஸ்டில் பதினொரு பிள்ளைகளைக் கல்கிசைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஒருதரம் எண்ணியபோது பத்துப் பேர்தான் நின்றார்கள். இரண்டு நிமிடம். ஐஸ்கிறீம் வண்டிக்குப் பின்னால் நின்றான் அந்தப் பையன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு, இதை ஒழுங்காகப் படிக்காமல் பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப்போகக் கூடாது என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

மாளிகாவத்தை நானா எழுதியது:

தங்கச்சி, நான் பயிற்றுநர் இல்லை. வளைகுடாவில் ஓர் உள்ளரங்கப் பனித்தளத்தில் நாலு வருடம் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் நின்றவன். பனி பார்க்க ஐரோப்பாவுக்கே போக வேண்டும் என்றில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன். 2005இல் துபாயில் எமிரேட்ஸ் மோலுக்குள் திறந்த ஸ்கீ துபாயில் நீளமான சரிவு 400 மீற்றர். வெளியே 45 பாகை கொதிக்கும்போது உள்ளே பூச்சியத்துக்குக் கீழே ஒன்று, இரண்டு பாகை.

பிரித்தானியப் பனிச்சறுக்குப் பயிற்றுநர் சங்கமான பாஸியின் முதலாம் நிலை ஐந்து நாள் பயிற்சி. அது இப்படிப்பட்ட உள்ளரங்கங்களிலும் செயற்கைச் சரிவுகளிலும் பழக்குவதற்கான நிலை. மலைக்குப் போக அதற்கு மேல் படிக்க வேண்டும். எங்கள் இடத்துப் பயிற்றுநர்களில் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள்.

கவுண்டரில் நின்று நான் பழகியது ஒன்று உண்டு. சப்பாத்து கடிக்கிற பிள்ளை அன்றைக்கு ஒன்றும் படிக்காது. நல்ல பயிற்றுநர்கள் வகுப்பு தொடங்க முன்னமே என்னிடம் வந்து ஒவ்வொரு பிள்ளையின் கணுக்காலையும் தொட்டுப் பார்ப்பார்கள். காற்சட்டை நுனியோ இரண்டாவது காலுறையோ உள்ளே மடங்கிக் கிடந்தால் இழுத்துவிடுவார்கள். ஒரு காலுறைதான் போட வேண்டும், மெல்லியதாக. குளிருமென்று உம்மாமார் இரண்டு மூன்று போட்டு அனுப்புவார்கள். இறுக்கத்தில் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்கும். இதை உம்மாவின் மனம் நோகாமல் சொல்லிக் கழற்ற வைக்கிறதே ஒரு திறமை. நீங்கள் கேட்கிற தலைமைத்துவம் அங்கே தொடங்குகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆற்றங்கரை (கொட்டாஞ்சேனை / கித்துல்கல) எழுதியது:

தங்கச்சி, நானா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஐந்து குளிர்காலம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பனிச்சறுக்கு பழக்கிவிட்டுத் திரும்பியவன். இப்போது கித்துல்கலயில் களனி கங்கையில் ரப்பர் படகு ஓட்டுகிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் விரிவாக எழுத வேண்டும் போல இருந்தது. கொஞ்சம் நீளும்.

முதலில் சான்றிதழ். கனடாவில் பயிற்றுநர் சங்கம் 1938இல் தொடங்கியது, நாலு நிலைகள். அமெரிக்கச் சங்கம் 1961இல், மூன்று நிலைகள். முதலாம் நிலை என்பது பனியில் சில நாள் பயிற்சியும் மதிப்பீடும்; அதை வைத்துத் தொடக்கக்காரருக்குப் பழக்கலாம். நன்றாகச் சறுக்கத் தெரிந்தால் எடுத்துவிடலாம். அமெரிக்கச் சங்கம் பயிற்றுநரின் திறமையை மூன்றாகப் பிரிக்கிறது: ஆட்களோடு பழகும் திறன், கற்பிக்கும் திறன், சறுக்கும் நுட்பம். மூன்றுக்கும் சம இடம். நான் போனபோது மூன்றாவது ஒன்றுதான் வேலை என்று நினைத்தேன்.

முதல் குளிர்காலம் என் மேற்பார்வையாளர் ஒரு நாள் என் வகுப்பைத் தூரத்தில் நின்று பார்த்தார். முடிந்ததும் கூப்பிட்டு, "ஒரு மணி நேரத்தில் நீ எத்தனை தடவை இறங்கினாய், பிள்ளைகள் எத்தனை தடவை இறங்கினார்கள்?" என்று கேட்டார். நான் பன்னிரண்டு தரம் இறங்கிக் காட்டியிருந்தேன். பிள்ளைகள் நாலு. மிச்ச நேரமெல்லாம் குளிரில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அப்புறம் ஒரு மாசி மாதம். பூச்சியத்துக்குக் கீழே 19 பாகை, காற்று வேறு. ஏழெட்டு வயதில் ஏழு பிள்ளைகள். அதில் ஒருவன் சேர்லிப்டில் (மலைக்கு மேலே கொண்டுபோகும் கம்பி நாற்காலியில்) ஏறினால் இறங்கும் வரை வாய் மூடமாட்டான். தன் நாயைப் பற்றியே கதைப்பான். மூன்றாவது தடவை மேலே போகும்போது கதை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு வெள்ளை. தோல் உறையத் தொடங்கினால் அப்படித்தான் தெரியும். பிள்ளைக்கு வலிக்காது, மரத்துப்போயிருக்கும். தேய்க்கக் கூடாது. கையுறையைக் கழற்றி என் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். இறங்கியதும் ஏழு பேரையும் உள்ளே கூட்டிப்போனேன். ஒருவனை மட்டும் உள்ளே விட்டுவிட்டு ஆறு பேரோடு வெளியே போக முடியாது. ஆறு பேரை வெளியே விட்டுவிட்டு ஒருவனோடு உள்ளே இருக்கவும் முடியாது. வகுப்பில் முக்கால் மணி நேரம் போயிற்று. இன்னொரு பிள்ளையின் தகப்பன் கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. நான் எடுத்த முடிவிலும் பிழையில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அந்த மனுசனின் முகத்தைப் பார்த்து அமைதியாகப் பேச வேண்டியிருந்தது. கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க இதைத்தான் படிப்பித்தார்கள்; எனக்கு அன்றுதான் விளங்கியது.

எங்கே நிற்பது என்பதும் தலைமைத்துவம்தான். உங்கள் கண் ஏற்கெனவே அதைப் பிடித்திருக்கிறது. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் பத்து நடத்தை விதிகளில், பின்னால் மேலிருந்து வருபவர் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராத பாதையை எடுக்க வேண்டும் என்று ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நம்பி ஏழு பிள்ளைகளை மேட்டின் மறைவில் நிறுத்த முடியாது. ஓரத்தில், மேலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொருவராக வரும்போது கூட்டத்துக்குக் கீழே போய் நிற்கப் பழக்க வேண்டும். மேலே நிற்க முயன்று வழுக்கினால் எல்லார் மேலும் விழுவார்கள்.

இனிப் பாடத்திட்டத்தில் அந்தச் சொல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது. போல் பெற்சோல்ட் என்ற மலையேறி 1965இல் வயோமிங்கில் நோல்ஸ் என்ற வெளிக்களப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே தலைமையை நாலு விதமாகச் சொல்வார்கள்: பொறுப்புக் கொடுக்கப்பட்ட தலைமை, சமமானவர்களுக்குள் தலைமை, தன்னைத் தானே நடத்துவது, அப்புறம் விழிப்போடு பின்தொடர்வது. கடைசியைப் படித்தபோது, பின்னால் போவதில் என்ன தலைமை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

மூன்றாவது குளிர்காலம், லீவு நாள். ஐந்து பேர் ஸ்கீ தளத்தின் எல்லைக்கு வெளியே, பராமரிக்காத பனிக்குப் போனோம். முன்னால் போனவன் எங்கள் எல்லாரையும் விடத் திறமைசாலி. ஒரு சரிவின் அடியைக் கடக்கும்போது காலுக்குக் கீழே 'வும்ப்' என்று ஒரு சத்தம், பெரிய மெத்தையில் ஆள் விழுந்தது போல. உள்ளே பலவீனமான பனிப்படை உடைந்து அமுங்கும் சத்தம் அது. மலைப்பனி மொத்தமாகப் பிய்ந்து இறங்கும் பனிச்சரிவு ஆபத்துக்கு மிகத் தெளிவான அறிகுறிகளில் அது ஒன்று, வகுப்பில் படித்திருந்தேன். நான் வாய் திறக்கவில்லை. அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மற்ற மூன்று பேரும் அதையேதான் நினைத்தார்களாம், பிறகு சொன்னார்கள். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்துச் சரிவு தானாகப் பிய்ந்துகொண்டு போனது. எங்களில் ஒருவரும் அதில் இல்லை.

இயன் மெக்கமன் என்பவர் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, ஆட்கள் ஏமாறும் ஆறு மனப்பொறிகளைக் காட்டினார். அதில் ஒன்று இதுதான்: கெட்டிக்காரர் ஒருவர் முன்னால் போகும்போது மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவது. தங்கச்சி, நம் வீட்டில் எப்படி வளர்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே பேசாதே. சேர் சொன்னால் சரி. அந்த மரியாதையை நான் விடவில்லை, இன்றும் அம்மாவிடம் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் மலையிலும் ஆற்றிலும் அது ஆளைக் கொல்லும். தலைமைத்துவம் என்று நான் படித்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்: எனக்குப் பின்னால் வருகிறவர் "அண்ணா, இது பிழை" என்று சொல்லப் பயப்படாத மாதிரி நான் நடந்துகொள்ள வேண்டும்.

அம்மாவின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கித்துல்கலயில் மேலே மின்நிலையத்தில் விடுகிற தண்ணீரைப் பொறுத்து ஆறு மாறும். படகு இறக்க முன் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: "அண்ணா ஒன்றைக் காணாமல் விட்டால் நீங்கள் கத்த வேண்டும்." சொன்னால் மட்டும் கத்தமாட்டார்கள், பழக்க வேண்டும். அதனால் கரையிலேயே என் தலைக்கவசப் பட்டியைப் போடாமல் நின்று பார்ப்பேன். யாராவது சொல்லும் வரை படகு இறங்காது. முதல் தடவை ஐந்து நிமிடம் கூட எடுக்கும். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். பிறகு கூட்டத்தில் ஆகக் கதை குறைந்த பிள்ளையைக் கூப்பிட்டு ஆட்களை எண்ணும் வேலையைக் கொடுப்பேன். நான் ஒரு எண்ணிக்கை, அது ஒரு எண்ணிக்கை. இரண்டும் ஒத்துவராமல் நகரமாட்டோம். கல்கிசையில் உங்களுக்கு அந்த இரண்டாவது எண்ணிக்கைதான் இல்லாமல் போனது.

இருட்டுப் பக்கமும் சொல்கிறேன். வேலை பருவகாலம், நான் வேலை செய்த இடத்தில் பழக்கிய மணித்தியாலத்துக்குத்தான் காசு. ஒரு டிசம்பரில் மழை பெய்து பனி கரைந்து பதினொரு நாள் வகுப்பே இல்லை, வாடகை மட்டும் ஓடியது. கல்லூரிப் படிப்பு அங்கேதான் உதவும். லிப்ட் இயக்கம், ஆளணி, வரவுசெலவு, ஆபத்து முகாமை, சட்டப் பொறுப்பு எல்லாம் தெரிந்தால் மேற்பார்வை வேலைக்குப் போகலாம், பனி இல்லாத மாதங்களிலும் வேலை இருக்கும். சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர் முப்பத்தைந்து வயதில் முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டி வரும்.

தேயிலைச்சாரல் எழுதியது:

நான் நுவரெலியா, இப்போது வேலைக்காகப் பம்பலப்பிட்டியில். தை மாதத்தில் புல்லின் மேல் உறைபனி பார்த்து வளர்ந்தவள், அதனால் இந்த ஆசை எனக்கும் இருந்தது. நான் குல்மார்க்கில் 14 நாள் அடிப்படைப் பயிற்சி செய்தேன். அங்கே இந்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் 1968இலிருந்து இருக்கிறது. கொழும்பிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ஸ்ரீநகர், அப்புறம் ஐம்பது கிலோமீற்றர் அளவு வண்டியில். குல்மார்க்கே 2,600 மீற்றருக்கு மேலே. முதல் இரண்டு நாள் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது.

கனடாவுக்கு முன் அங்கே போய்ப் பாருங்கள் என்பேன். இரண்டு கிழமை தொடர்ந்து ஈரக் காலுறையோடு விடிய எழும்ப முடிகிறதா என்று தெரிந்துவிடும். ப்ளூ மவுண்டனில் ஒரு நாள் நின்றதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் தங்கச்சி.

காசு விசயமும் பாருங்கள். கனடா மாணவ விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தை 2024 ஜனவரியில் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக ஏற்றினார்கள், அதற்குப் பிறகும் கூடியிருக்கிறது. படிப்புக் கட்டணம் அதற்கு வெளியே. 2024 நவம்பரிலிருந்து கல்லூரி டிப்ளோமாவுக்கு மாணவ விசா கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு, படித்து முடித்தபின் வேலை அனுமதி எல்லாத் துறைக்கும் கிடைப்பதில்லை. துறைப் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் முகவர் ஒருவரிடமும் காசு கட்டாதீர்கள். என் சிநேகிதி ஒருத்தி கட்டிவிட்டு அழுதாள்.

அலையோரம் எழுதியது:

நானா, அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்த இடத்தில் என்னை நிறுத்தி, "பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது?" என்று கேட்டார்.

நேற்றுத் தடாகத்தில் நானும் செய்து பார்த்தேன். விசிலைக் கழுத்தில் போடாமல் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். விசில் இல்லாமல் நான் வகுப்புத் தொடங்குவதே இல்லை என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பதினொரு பேரும் என் கழுத்தைப் பார்க்கிறார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். நாலு நிமிடம் போனது. கடைசியில் ஆறு வயது, வந்து மூன்று கிழமைதான், அதுவரை என்னோடு ஒரு சொல் பேசாத பிள்ளை, மேசையைக் காட்டி "மிஸ், அது" என்றாள். அவளுக்குத்தான் எண்ணும் வேலை கொடுத்தேன். விரலை மடித்து மடித்து எண்ணினாள். பன்னிரண்டு என்றாள். என்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள்.

அக்கா, குல்மார்க் அடிப்படைப் பயிற்சிக்கு எந்த மாதம் விண்ணப்பித்தீர்கள்? இந்த வருடம் அதற்குக் காசு சேர்க்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கனடாவைப் பற்றி அதற்குப் பிறகு கதைப்போம் என்றார்.

ஆற்றங்கரை எழுதியது:

அந்தப் பையனுக்கு ஒன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் கன்னம் சிவந்தது, ஒரு கோப்பை சுடு சொக்லேட் குடித்தான், நாயின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.

குல்மார்க் போக முன் செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவிப் பயிற்சி எடுத்துவிடுங்கள், உயிர்காப்புச் சான்றிதழும் இருந்தால் நல்லது. அப்புறம் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்கி, எத்தனை பிள்ளைகள், எத்தனை மணி நேரம், என்ன பிழை நடந்தது, என்ன மாற்றினீர்கள் என்று வகுப்பு முடிந்ததும் எழுதத் தொடங்குங்கள். கல்கிசை நாளையும் எழுதுங்கள். எனக்குக் கல்லூரி நேர்முகத்தில் சான்றிதழைவிட அந்தக் கொப்பியைத்தான் அதிக நேரம் புரட்டினார்கள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கித்துல்கலயில் பதினாறு பிள்ளைகளோடு முகாம். இரண்டாவது எண்ணிக்கைக்குப் பெரிய ஆள் ஒருவர் தேவைப்படுகிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவிசாவளை பஸ் எடுத்து அங்கே மாற வேண்டும், காலை எட்டுக்குள் வந்துவிட்டால் போதும்.